‘ஆளே கிடைக்கல’ என்றால் தேடல் எங்கே சிக்கியிருக்கிறது? குமரி மாவட்ட நிறுவனங்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

விளம்பரம் போட்டாச்சு, வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்ற விட்டாச்சு, நவுக்ரி வேலைத்தளத்தில் பணமும் கட்டியாச்சு. ஆள் மட்டும் வரவில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சின்ன நிறுவனம் நடத்துகிறவர்கள் பலரும் சொல்லும் புகார் இது. ஆபீஸ் வேலை, கணக்கு எழுதும் வேலை என்றால் பயோடேட்டா வந்து குவியும். கையுறை ஆலைக்கு ரப்பர் பால் கலவை தெரிந்தவர், டயாலிசிஸ் டெக்னீஷியன், வள்ளத்தின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் என்று கேட்டுப் பாருங்கள், மாவட்டமே காலியாகிவிட்டது போல இருக்கும்.

இந்த வேலை தெரிந்தவர்கள் எங்காவது வேலையில்தான் இருப்பார்கள். வேலை தேடாதவர் வேலை விளம்பரத்தைப் பார்க்க மாட்டார். நாம்தான் தேடிப் போக வேண்டும். அதற்கு எல்லோரும் செய்வது, பதவிப் பெயரையும் ஊர்ப் பெயரையும் கூகுளில் அடித்துப் பார்ப்பது. அங்கேதான் கோளாறு. அந்த ஆள் தன் வேலையை நீங்கள் வைத்திருக்கும் பதவிப் பெயரில் எங்கேயும் எழுதியிருக்க மாட்டார், ஊரையும் நீங்கள் எழுதுகிற மாதிரி எழுதியிருக்க மாட்டார். அவர் தினமும் கையாளும் பொருள், எந்திரம், சோதனை இவற்றின் பெயர்தான் இணையத்தில் அவர் விட்டுப்போன தடம்.

கீழே தேடல் சொற்களைப் படிக்க வசதியாகத் தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். தமிழில் தேடச் சொல்லும் இடங்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

ஒன்றுமே வரவில்லை, வந்தாலும் இரண்டு மூன்றுதான்

முதலில் எழுத்துப் பிழையைப் பாருங்கள். லிங்க்ட்இன்னில் உள்ளவர்களைக் கூகுள் வழியாகத் தேட, ‘சைட்’ என்று அடித்து முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் லிங்க்ட்இன் டாட் காம், சாய்கோடு, ‘இன்’ என்று அடிக்க வேண்டும். தனிநபர் பக்கங்கள் அந்த ‘இன்’ முகவரிக்குக் கீழேதான் இருக்கின்றன. முக்காற்புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி விழுந்தால் அது கட்டளையாக இருக்காது, வெறும் சொல்லாகிவிடும். ‘அல்லது’ என்பதற்கான ‘ஆர்’ (ஓ, ஆர்) இரண்டு எழுத்தும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் போடும் மைனஸ், அந்தச் சொல்லோடு ஒட்டியிருக்க வேண்டும்.

லிங்க்ட்இன்னின் சொந்தத் தேடல் பெட்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. வேர்டிலோ வாட்ஸ்ஆப்பிலோ எழுதி வைத்த வரியை அப்படியே ஒட்டினால் மேற்கோள் குறிகள் வளைந்து போயிருக்கும். அங்கே நேர் மேற்கோள்தான் செல்லும். வரி பார்க்கச் சரியாக இருக்கும், பலன் பூஜ்ஜியம். மேற்கோளை மட்டும் அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

எழுத்துப் பிழை இல்லையென்றால் மேற்கோள்கள் அதிகமாகியிருக்கும். நான்கு சொற்றொடரை மேற்கோளில் பூட்டினால் நான்கும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள், எதை எடுத்ததும் முடிவுகள் வரத் தொடங்குகிறதோ அதுதான் அடைப்பு. வரி ரொம்ப நீளம் என்றாலும் பயனில்லை. 32 சொல்லைத் தாண்டினால் மீதியைக் கூகுள் கண்டுகொள்ளாது.

பெரும்பாலும் அடைப்பு ஊர்ப் பெயராகத்தான் இருக்கும். நாகர்கோவிலை ஆங்கிலத்தில் நடுவில் ‘இ’ போட்டு எழுதுவது அரசு வழக்கம். ‘ஏ’ போடுகிறவர்களும் உண்டு, கடைசிப் பகுதியைப் பேசுகிற மாதிரியே ‘கோவில்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. கன்னியாகுமரிக்கு ஒற்றை ‘என்’, இரட்டை ‘என்’ இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. பயோடேட்டாவில் ‘கே.கே. டிஸ்ட்’ என்று சுருக்கி முடித்தவர்களும் நிறைய. தக்கலையும் குளச்சலும் பழைய வெள்ளைக்காரன் எழுத்திலும் வரும், புதுத் தமிழ் உச்சரிப்பிலும் வரும். எல்லாவற்றையும் ‘ஆர்’ போட்டு இணைப்பது ஒரு வழி. அதைவிடச் சுருக்கம், பின்கோடு. நம் மாவட்டத்துப் பின்கோடுகள் 629-இல் தொடங்குகின்றன: நாகர்கோவில் 629001, மார்த்தாண்டம் 629165, தக்கலை 629175, குளச்சல் 629251. ஊர்ப் பெயரை எப்படி எழுதினாலும் பின்கோட்டு எண் மாறாது, சிலர் முதல் மூன்று எண்ணுக்குப் பின் இடைவெளி விடுவார்கள் என்பதைத் தவிர. ஆனால் முன் மூன்று எண்ணை மட்டும் அடித்தால் கூகுள் மீதியை ஊகிக்காது, ஆறு எண்ணும் வேண்டும். இன்னொன்று, இது முகவரி எழுதிய பயோடேட்டா கோப்புகளுக்குத்தான் உதவும். லிங்க்ட்இன்னில் யாரும் பின்கோடு போடுவதில்லை.

நீங்கள் அடித்த எழுத்தைக் கூகுள் ‘திருத்தி’ வேறு சொல்லைத் தேடுகிறதா என்றும் பாருங்கள். முடிவுக்குக் கீழே ‘மிஸ்ஸிங்’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வந்து, உங்கள் சொல்லைக் குறுக்கே கோடு போட்டுக் காட்டினால், முக்கியமான சொல்லை விட்டுவிட்டுத் தேடியிருக்கிறது. அந்தச் சொல்லை மேற்கோளுக்குள் போடுங்கள், அல்லது ‘டூல்ஸ்’ பகுதியில் ‘வெர்பேட்டிம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆயிரக்கணக்கில் வருகிறது, எல்லாம் குப்பை

நம் மாவட்டத்தின் பெயர் தேடலுக்குக் கொஞ்சம் வில்லங்கமானது. ‘கன்னியாகுமரி’ என்று தேடினால் காஷ்மீரிலிருந்து சைக்கிளில் வந்தவர், பைக்கில் வந்தவர், நடந்தே வந்தவர் எல்லோரும் முதலில் வந்து நிற்பார்கள். ‘குளச்சல்’ என்றால் 1741-ஆம் ஆண்டுப் போர். ‘பத்மநாபபுரம்’ என்றால் அரண்மனை. ‘குமரி’ என்று மட்டும் தேடினால் வட இந்தியப் பெண்களின் பெயர்கள். மைனஸ் காஷ்மீர், மைனஸ் டூரிசம், மைனஸ் 1741 என்று கழித்தால் முக்கால்வாசி ஒழியும். மாவட்டப் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைப் பிடிப்பது இன்னும் நல்லது. கருங்கல், அருமனை, குலசேகரம், திங்கள்நகர் என்று எழுதியவர் நம்மூர்க்காரராகத்தான் இருப்பார், சுற்றுலாப் பயணி அப்படி எழுத மாட்டார்.

வேலைச் சொல்லில் வரும் குப்பைதான் பெரிய தலைவலி. ரப்பர் பால் விஷயத்தை எடுத்துக்கொள்வோம், அதில் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

ரப்பர் பாலுக்கு ஆங்கிலத்தில் ‘லேடெக்ஸ்’. அப்படித் தேடினால் கணிதப் பேராசிரியர்களும் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர்களும் வரிசையாக வருவார்கள். ஆய்வுக் கட்டுரை அச்சுக்கோக்கும் மென்பொருள் ஒன்றுக்கும் அதே எழுத்துகள்தான் பெயர், அதைத் தங்கள் திறமைப் பட்டியலில் போட்டிருப்பார்கள். அவர்களைக் கழித்தால் பெயின்ட் கம்பெனிக்காரர்கள், அவர்களையும் கழித்தால் லேடெக்ஸ் அலர்ஜி பற்றி எழுதும் டாக்டர்கள். மைனஸ் போட்டுக்கொண்டே போனால் இதற்கு முடிவே இல்லை. குப்பை அதிகமாக வரும்போது கழிப்பதை நிறுத்திவிட்டு, குப்பையில் இருக்கவே முடியாத ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும்.

அந்தச் சொல் எங்கே கிடைக்கும்? முதலாளியிடம் கேட்டால் ‘நல்ல லேடெக்ஸ் டெக்னாலஜிஸ்ட் வேணும்’ என்பார். அது தேடலுக்கு உதவாது. ஷிஃப்ட் சூப்பர்வைசரைப் பிடித்து, ‘அண்ணே, காலையில வந்ததும் என்ன செய்வீங்க, அப்புறம் என்ன செய்வீங்க’ என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். பால் டேங்கர் வந்ததும் டிஆர்சி (பாலில் ரப்பர் எவ்வளவு) பார்ப்போம், அமோனியா பார்ப்போம், விஎஃப்ஏ (பால் கெட்டிருக்கிறதா) பார்ப்போம். கந்தகம், ஜிங்க் ஆக்சைடு எல்லாம் ‘பால் மில்’ என்ற உருண்டை அரவை எந்திரத்தில் அரைத்த கலவையைச் சேர்ப்போம். கை வடிவ அச்சை முதலில் பாலை உறைய வைக்கும் கோயாகுலன்டில் முக்கி, அப்புறம் பாலில் முக்கி, லீச்சிங் (கழுவும்) தொட்டி, பீடிங் (விளிம்பைச் சுருட்டுவது), அடுப்பு, குளோரினேஷன். கடைசியில் கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று தொங்கவிட்டுப் பார்ப்போம். இதில் ‘கோயாகுலன்ட்’, ‘லீச்சிங்’, ‘டிப்பிங்’ மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்த ஆள் கணிதப் பேராசிரியராக இருக்க வழியில்லை.

தர எண்கள் இன்னும் கூர்மையானவை. மருத்துவக் கையுறைக்கு ஐரோப்பியத் தரம் இஎன் 455. அமெரிக்கத் தரம், பரிசோதனைக் கையுறைக்கு ஏஎஸ்டிஎம் டி3578, அறுவைசிகிச்சைக் கையுறைக்கு டி3577. நம் நாட்டில் அறுவைசிகிச்சைக் கையுறைக்கு ஐஎஸ் 13422. இந்த எண்ணைத் தன் பக்கத்தில் எழுதி வைத்திருப்பவர் அதை வைத்து வேலை பார்த்தவராகத்தான் இருப்பார். பதவிப் பெயரை வரியிலிருந்து எடுத்தே விடுங்கள். அவர் ‘புரொடக்ஷன் இன்சார்ஜ்’ ஆக இருக்கலாம், ‘க்யூசி எக்ஸிக்யூட்டிவ்’ ஆக இருக்கலாம், ஒரு பதவியும் எழுதாமல் வெறும் ஆலைப் பெயரோடு நின்றிருக்கலாம்.

இதே சூத்திரம் எந்த வேலைக்கும் பொருந்தும். டயாலிசிஸ் டெக்னீஷியன் வேண்டும் என்றால் எந்திரத்தின் மாடல் எண்ணைப் போடுங்கள். ஃப்ரெசினியஸ் 4008எஸ் பல மருத்துவமனைகளில் இருக்கும் எந்திரம், அதில் கை வைத்தவர்கள் பயோடேட்டாவில் அதைப் பெருமையாக எழுதுவார்கள். வெல்டர் என்றால் ‘வெல்டர்’ என்று தேடாதீர்கள், ‘6ஜி’ என்று தேடுங்கள். சாய்வாக நிறுத்திய குழாயில் பற்றவைக்கும் அந்தச் சோதனையைத் தேறியவர் வேறு எதை விட்டாலும் அதை எழுதாமல் விடமாட்டார்.

இவ்வளவு செய்தும் நம்மூரில் கையுறைக்காரர் அகப்படவில்லை என்றால் பக்கத்துத் தொழில்களைத் தேடுங்கள். அச்சைப் பாலில் முக்கி எடுக்கும் வேலை ஆணுறை, பலூன், கதீட்டர் எல்லாவற்றுக்கும் பொது. பொதுத்துறை நிறுவனமான எச்எல்எல் லைஃப்கேரின் ஆணுறை ஆலை திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் 1969-இலிருந்து இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் பணி ஓய்வு பெற்றவர்களை யாரும் தேடுவதே இல்லை. சின்ன ஆலைக்கு முழுநேர ஆள் கிடைக்கும் வரை, வாரம் ஒருநாள் வந்து கலவையைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஓய்வுபெற்றவர் ஒருவர் போதும் என்பது என் அபிப்பிராயம். சொன்னால் பல முதலாளிகளுக்குப் பிடிப்பதில்லை.

இன்னொரு பின்வாசல், ஆய்வேடுகள். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (குசாட்) பாலிமர் அறிவியலுக்கும் ரப்பர் தொழில்நுட்பத்துக்கும் ஒரு துறை இருக்கிறது, கோட்டயத்தில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ‘ஃபைல்டைப்’ முக்காற்புள்ளி பிடிஎஃப் என்று போட்டு, ‘சென்ட்ரிஃப்யூஜ்டு லேடெக்ஸ்’ என்பதையும் ‘அக்னாலெட்ஜ்மென்ட்’ என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். ஆய்வேட்டை எழுதியவர் உங்கள் சம்பளத்துக்கு வரமாட்டார். நன்றிப் பக்கத்தைப் புரட்டுங்கள். மாதிரிப் பால் கொடுத்த ஆலை மேலாளர், சோதனை செய்து கொடுத்த லேப் உதவியாளர் பெயரெல்லாம் அங்கே இருக்கும். லிங்க்ட்இன்னில் அந்த லேப் உதவியாளர் இருக்கவே மாட்டார்.

ஆளுக்குப் பதில் வேலை விளம்பரங்களே வருகின்றன

வேலை கொடுக்கிறவர் பயன்படுத்தும் சொற்களைக் கழியுங்கள்: மைனஸ் ஹயரிங், மைனஸ் வேக்கன்சி, மைனஸ் அப்ளை, மைனஸ் சேலரி. ‘சாம்பிள்’, ‘டெம்ப்ளேட்’, ‘ஃபார்மேட்’ இவற்றையும் கழித்துவிடுங்கள், மாதிரி பயோடேட்டா விற்கிறவர்கள் தொல்லை குறையும்.

அப்புறம், பயோடேட்டா எழுதுகிறவர் மட்டுமே எழுதும் சொற்களைச் சேருங்கள். நம் ஊர் பயோடேட்டாவின் கடைசியில் தவறாமல் ஒரு உறுதிமொழி இருக்கும், ‘ஐ ஹியர்பை டிக்ளேர் தட்’ என்று தொடங்கி, கீழே இடம், தேதி, கையெழுத்து. டைப்பிங் சென்டர் காலத்திலிருந்து வரும் பழக்கம். வேலை விளம்பரத்தில் பொதுவாக அந்த வரி இருக்காது. அதை மேற்கோளில் போட்டு, ஃபைல்டைப் பிடிஎஃப், ஒரு எந்திரப் பெயர், ஒரு பின்கோடு சேர்த்தால் வருவது பெரும்பாலும் ஆட்கள்தான். ஃபைல்டைப்பை வேர்டு கோப்புக்கும் மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ‘லாங்குவேஜஸ் நோன்’ என்பதோடு தமிழ், மலையாளம் இரண்டையும் சேர்த்தால் பின்கோடு எழுதாத விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களும் வலையில் விழுவார்கள். எல்லை தாண்டிய ஆட்களும் கூடவே வருவார்கள், பரவாயில்லை, பாறசாலைக்காரர் மார்த்தாண்டத்துக்கு வேலைக்கு வர மாட்டாரா என்ன.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படிக் கிடைக்கும் கோப்பில் அப்பா பெயர், பிறந்த தேதி, சில நேரம் மதம், சாதி வரை இருக்கும். வேலைக்கு வேண்டியதை மட்டும் குறித்துக்கொண்டு கோப்பை மூடிவிடுங்கள். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த விவரத்துக்குப் பொருந்தாது. ஆனால் வேறொருவர் ஏற்றி வைத்த பட்டியல் அப்படி அல்ல. ஏதோ ஒரு இணையதளத்தில் மறதியாகத் திறந்து கிடக்கும் நூறு பேர் போன் நம்பர் எக்செல்லைக் கண்டால் விலகிப் போங்கள். ‘டேட்டாபேஸ் தர்றேன், இவ்வளவு குடுங்க’ என்று வருகிறவரிடமும் அப்படியே.

தேடும் ஆள் இருக்கிறார், ஊர் மட்டும் பொருந்தவில்லை

நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை இதுதான் அடிக்கடி வரும் கோளாறு. நம்மூர்க்காரர் நம்மூரில் இல்லை, அதனால் இருப்பிடம் ‘நாகர்கோவில்’ என்று வடிகட்டினால் அகப்பட மாட்டார்.

ஐடி ஆட்களைப் பாருங்கள். 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் கழக்கூட்டத்தில் இருக்கிறது. ரயிலில் தினமும் போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள், வாரக் கடைசியில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். லிங்க்ட்இன்னில் அவர்கள் ஊர் ‘திருவனந்தபுரம்’. ஆனால் பலர் பத்துக்காணி, குலசேகரம் பக்கத்தில்தான் வீடு வைத்திருப்பார்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் கதையும் இதுதான். ஆழ்கடல் தொழிலிலும் அப்படியே: தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் பல காலமாகக் கொச்சியைத் தளமாக வைத்துத் தொழில் செய்கிறார்கள். அந்தப் போட்டுகளின் எஞ்சின் தெரிந்தவரை குளச்சலில் தேடினால் எப்படிக் கிடைப்பார்? தோப்பும்படி துறைமுகம் பக்கம் தேட வேண்டும்.

சரி, ஊரை வைத்துப் பிடிக்க முடியாதவரை எதை வைத்துப் பிடிப்பது? படித்த இடத்தை வைத்து. ஆள் எங்கே போனாலும் கல்லூரிப் பெயர் மாறாது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி, சுங்கான்கடை சவேரியார் பொறியியல் கல்லூரி, குமாரகோவில் நூருல் இஸ்லாம், கோணம் பாலிடெக்னிக், கோணம் ஐடிஐ. ஒவ்வொன்றையும் தொழில் சொல்லோடு சேர்த்துத் தேடுங்கள், ஊர்ப் பெயர் வேண்டவே வேண்டாம். லிங்க்ட்இன் முகவரிக்கு முன்னால் நாட்டுக் குறியீட்டையும் போடலாம்: சவூதிக்கு ‘எஸ்ஏ’, அமீரகத்துக்கு ‘ஏஇ’, கத்தாருக்கு ‘க்யூஏ’, குவைத்துக்கு ‘கேடபிள்யூ’, ஓமனுக்கு ‘ஓஎம்’. சவூதிப் பக்கங்களில் டயாலிசிஸ் என்ற சொல்லையும் நம்மூர் நர்சிங் கல்லூரிப் பெயரையும் சேர்த்து ஓட்டினால், ஊருக்குத் திரும்ப யோசிக்கும் வயதில் இருக்கும் ஆட்கள் கிடைப்பார்கள். பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும் நேரம், பெற்றோருக்கு முடியாமல் போகும் நேரம், இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். அதை நாம் துருவத் தேவையில்லை, ‘ஊரில் இப்படி ஒரு வேலை இருக்கிறது’ என்று சொன்னால் போதும்.

மென்பொருள் ஆட்களுக்கு கிட்ஹப் தளத்திலேயே ‘லொகேஷன்’ முக்காற்புள்ளி போட்டு ஊரைத் தேடலாம். அது அவரவர் கைப்பட எழுதுவது என்பதால் மேலே சொன்ன எல்லா எழுத்து வகைகளையும் அங்கே மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

அந்தத் தொழில் ஆட்கள் இணையத்திலேயே இல்லை

இருக்கிறார்கள். பயோடேட்டாவாக இல்லை, அவ்வளவுதான். அவுட்போர்டு மெக்கானிக், ஃபைபர் வள்ளம் ஒட்டுகிறவர், ரப்பர் பால்வெட்டுக்காரர், வடசேரியில் கோவில் நகை செய்யும் ஆசாரி, இவர்களில் யார் லிங்க்ட்இன் வைத்திருக்கப் போகிறார்?

இங்கே தமிழில் தேட வேண்டும், அதுவும் நம்ம பேச்சில். யூடியூபில் ‘போட் மெக்கானிக்’ என்று தேடுவதைவிட ‘வள்ளம் எஞ்சின் ரிப்பேர்’ என்று தேடுங்கள். ‘ரப்பர் டேப்பிங்’ என்பதைவிட ‘பால்வெட்டு’. வீடியோ போட்டவர் பெரும்பாலும் கேமரா பிடிக்கத் தெரிந்தவர்தான், வேலை தெரிந்தவர் கீழே கருத்துகளில் இருப்பார். யாரோ ஒருவர் ‘யமஹா 9.9 ஸ்டார்ட் ஆகுது, கொஞ்ச நேரத்துல நிக்குது’ என்று கேட்டிருப்பார். அதற்கு ஒருவர், ‘கார்புரேட்டர் ஜெட்ட கழத்தி ஊதுங்க, அப்பவும் நின்னா பெட்ரோல் பில்டர பாருங்க’ என்று இரண்டு வரியில் பதில் போட்டிருப்பார். அதற்குக் கீழே நாலு பேர் ‘அண்ணே நம்பர் குடுங்க’ என்று கேட்டிருப்பார்கள். அந்த இரண்டு வரிக்காரர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.

அடுத்தது கூகுள் மேப். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் எஞ்சின் ஒர்க்ஷாப், உதிரிபாகக் கடை எல்லாவற்றையும் திறந்து விமர்சனங்களைப் படியுங்கள். ‘கடை ஓனர் இல்லாட்டியும் அங்க வேல பாக்குற தம்பி நல்லா செஞ்சு தருவான்’ என்று எழுதியிருக்கும். அவரை இழுக்கச் சொல்லவில்லை. ஒரே ஊரில் இன்னொருவர் கடைப் பையனைத் தூக்கினால் அடுத்த திருவிழாவில் முகம் பார்க்க முடியாது. உதிரிபாகக் கடைக்காரரிடம் பேசுங்கள். தனியாக வீட்டில் வைத்து வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் எல்லோரும் அவரிடம்தான் சாமான் வாங்குகிறார்கள். யார் சரியான சாமானைக் கேட்டு வாங்குகிறார், யார் மூன்று தடவை மாற்றுகிறார் என்று அவருக்கு அத்துப்படி. இதே மாதிரி ரெசின் விற்கும் கடைக்காரருக்கு ஃபைபர் வள்ளக்காரர்களைத் தெரியும், பால் எடுக்கும் வியாபாரிக்குப் பால்வெட்டுக்காரர்களைத் தெரியும். இந்த வேலைகளுக்கு இணையத் தேடலின் எல்லை இதுவரைதான், கடைக்காரரின் நம்பரை எடுத்துக் கொடுக்கும். மீதி நடக்க வேண்டியது கடை வாசலில்.

பெயருக்குப் பதில் ‘லிங்க்ட்இன் மெம்பர்’ என்று காட்டுகிறது

உங்கள் தொடர்பு வட்டத்துக்கு வெளியே இருக்கிறார் என்று அர்த்தம். பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய தலைப்பு வரி தெரியும். அதை அப்படியே எடுத்து மேற்கோளில் போட்டு, மேலே சொன்ன ‘சைட்’ கட்டளையோடு கூகுளில் தேடுங்கள். அவர் பக்கம் பொதுவில் இருந்தால் வந்துவிடும். அவரே மறைத்து வைத்திருந்தால் விட்டுவிட வேண்டியதுதான். இலவசக் கணக்கில் தேடல் வரம்பு முடிந்துவிட்டது என்று வந்தால் அடுத்த மாதம் முதல் தேதி அது புதுப்பிக்கப்படும், அதுவரை கூகுள் வழியே போகலாம்.

கூகுளே ‘நீங்கள் ரோபோவா’ என்று படங்களைக் காட்டத் தொடங்கினால், கட்டளை போட்ட தேடல்களை அடுத்தடுத்து வேகமாக ஓட்டியிருக்கிறீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அல்லது பிங் தேடுபொறியில் தேடுங்கள். அங்கே முடிவுகளின் வரிசையே வேறு, கூகுளில் பத்தாம் பக்கத்தில் கிடந்தவர் அங்கே முதல் பக்கத்தில் இருப்பதுண்டு.

கிடைத்த விவரம் பழசு

கோப்பில் தேதி இருக்கும், உறுதிமொழிக்குக் கீழே. போன் நம்பர் செத்திருந்தாலும் கோப்பை எறிந்துவிடாதீர்கள். அவர் கடைசியாக இருந்த ஆலை, கூட வேலை பார்த்தவர்கள், படித்த வருடம் இவையெல்லாம் அடுத்த தேடலுக்கு விதை. ‘ஆஃப்டர்’ முக்காற்புள்ளி போட்டு ஆண்டைச் சேர்த்தால் அதற்குப் பிறகு வந்த பக்கங்களை மட்டும் கூகுள் காட்டும். அந்தத் தேதிக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். பக்கமே அழிந்துபோயிருந்தால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். கூகுள் முன்பு கொடுத்துவந்த ‘கேஷ்’ நகல் 2024-இல் நின்றுவிட்டது.

ஆள் கிடைத்தார், பதில் வரவில்லை

நீங்கள் மோசடிக்காரர் என்று நினைத்திருப்பார். நம் மாவட்டத்தில் வெளிநாட்டு வேலை என்று பணம் கட்டி ஏமாந்த கதை இல்லாத தெரு கிடையாது. முன்பின் தெரியாத நம்பரிலிருந்து ‘உங்கள் திறமைக்கேற்ற அரிய வாய்ப்பு’ என்று வந்தால் யாரும் தொடமாட்டார்கள். அதனால் முதல் செய்தியிலேயே நான்கு விஷயம் இருக்க வேண்டும்: நீங்கள் யார், எங்கிருந்து அவரைக் கண்டீர்கள், என்ன சம்பளம், பணம் எதுவும் கேட்க மாட்டீர்கள் என்பது. இப்படி:

‘வணக்கம் சார். மார்த்தாண்டம் பக்கத்தில் மருத்துவக் கையுறை ஆலை ஒன்றுக்காக எழுதுகிறேன். லிங்க்ட்இன்னில் நீங்கள் டிப்பிங் லைன், இஎன் 455 பற்றி எழுதியிருந்ததைப் பார்த்தேன். எங்களுக்குக் கலவைப் பகுதியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை. சம்பளம் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை, பகல் ஷிஃப்ட் மட்டும். இதற்காக யாரும் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். விருப்பம் இல்லை என்றாலும் ஒரு வரி போட்டால் மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்.’

சம்பளத்தை எழுத முதலாளி சம்மதிக்க மாட்டார். ‘பேசிக்கலாம்னு போடுங்க’ என்பார். அந்த இடத்தில் கொஞ்சம் மல்லுக்கட்டுங்கள். நல்ல வேலையில் இருப்பவர் ‘பேசிக்கலாம்’ என்பதற்காக ஒருநாள் லீவு போட்டுவிட்டு வரமாட்டார்.

அவருடைய ஆபீஸ் மின்னஞ்சலுக்கு எழுதாதீர்கள், ஆபீஸ் போனுக்கும் கூப்பிடாதீர்கள். ஞாயிறு காலையில் கூப்பிடாதீர்கள், பாதிப் பேர் ஆலயத்தில் இருப்பார்கள். வெள்ளி மதியமும் வேண்டாம், தொழுகை நேரம். கடலோர ஆட்களுக்கு மாலையில் அழைத்தால்தான் பேச்சு ஓடும். நீங்களே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறீர்கள் என்றால் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும், பதிவு எண்ணையும் முதல் செய்தியிலேயே போட்டுவிடுங்கள்.

‘இப்ப முடியாது சார்’ என்று பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். ‘சரி சார். உங்களுக்கு இந்த வேலை கத்துக்குடுத்தவர் யாரு, இப்ப எங்க இருக்காரு?’ என்று கேளுங்கள். ‘உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது இருக்காங்களா’ என்று கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிப் போய்விடுவார்கள். கற்றுக்கொடுத்தவரைக் கேட்டால் உடனே பெயர் வரும், ஆலைப் பெயரும் சேர்ந்தே வரும். அந்த இரண்டையும் மேற்கோளில் போட்டு அடுத்த தேடலைத் தொடங்குங்கள்.